பழவேற்காட்டுப் பாடும் பல்கலைக்கழக நூலகமும்

1

நான் கனடாவுக்கு வந்து பத்து ஆண்டுகள் நிறைந்த வாரத்தில், எங்கள் நூலகத்தில் ஒரு மாணவி நூலகரைச் சந்திக்கச் செய்திருந்த முன்பதிவை ரத்து செய்தாள். நான் முன்பு வேலை பார்த்த நாளிதழில் இதைச் செய்தி என்று கொண்டுபோயிருந்தால் செய்தி ஆசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்திருப்பார். முன்பதிவுகள் தினமும் ரத்தாகின்றன. காய்ச்சல், பனிப்புயல், மறதி என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். இந்த மாணவி காரணம் கேட்கும் கட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘இந்தத் தலைப்பில் இப்போது வேறொருவரின் முறை நடக்கிறது.’

என் பக்கத்து மேசைக்காரர் அதைப் படித்துவிட்டு, எதையோ மாற்றித் தட்டச்சு செய்துவிட்டாள் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் கவரைப்பேட்டைக்காரி. கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக்குச் சில ஆண்டுகள் நிருபராக இருந்தவள். அந்த வரி எந்தத் தண்ணீரிலிருந்து எழுந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். எழுதியவள் பவானி. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவள்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு முதலில் இந்த நூலகத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இது மருத்துவம், செவிலியம், பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகளுக்கான கிளை நூலகம். புத்தகம் குறைவு, நாற்காலி அதிகம். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கும் ஒரு மாணவருக்கு இங்கே கிடைப்பவற்றில் அலமாரியில் இருப்பது சிறு பகுதிதான். உலகின் ஆய்விதழ்களைத் தேடும் தளங்கள் உண்டு. எங்களிடம் இல்லாத கட்டுரையை வேறொரு நாட்டு நூலகத்திடம் கேட்டு வரவழைத்துத் தருவோம். அரசுத் துறைகளும் தொண்டு நிறுவனங்களும் அச்சிட்டு மறந்துவிட்ட அறிக்கைகளைத் தோண்டி எடுக்க ஒரு வழி உண்டு. நோய்களை வரைபடத்தில் புள்ளியிட்டுப் பார்க்க ஓர் அறை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் துறைக்கென்றே ஒரு நூலகர். மாணவர் தன் கேள்வியோடு அவர் எதிரில் ஒரு மணி நேரம் உட்காரலாம். அவர் தேடித் தருவார், தேடவும் காட்டித் தருவார்.

இந்தக் கடைசி வசதியை நம் ஊர்ப் பிள்ளைகள் பயன்படுத்துவதே இல்லை என்பது என் பத்தாண்டு கவனிப்பு. நம் அனுபவத்தில் நூலகர் என்பவர் சாவிக்குப் பொறுப்பானவர். அவரிடம் போய் ‘எனக்கு இது தெரியவில்லை’ என்று சொல்வது நமக்குப் பழக்கமில்லாத காரியம். பவானி முன்பதிவு செய்ததே பெரிய விஷயம். அதை அவள் ரத்தும் செய்ததால்தான் எழுந்து அவளைத் தேடிப் போனேன்.

2

அவளை எனக்கு முந்தைய செப்டம்பரிலிருந்தே தெரியும். அன்று நான் மேசையில் இருந்தபடி என் தங்கையோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். தங்கை திருவள்ளூருக்குப் பக்கத்தில் மணவாள நகரில் இருக்கிறாள். அவளோடு பேசும்போது மட்டும் என் வாயிலிருந்து பழைய பேச்சு தானாக வரும். போனை வைத்து நிமிர்ந்தால், முதுகுப்பையோடு ஒரு பெண் வாய் நிறையச் சிரித்தபடி நிற்கிறாள்.

“அக்கா, நீங்க ‘இன்னாடி’ன்னு சொன்னீங்க.”

“சொன்னேன். அதுக்கென்ன?”

“இங்க வந்ததுலேர்ந்து ஒரு ‘இன்னா’ கூட காதுல விழலக்கா. எல்லாரும் மெட்ராஸ்னு சொல்லிக்கினு சினிமாத் தமிழ் பேசறாங்க. நீங்க எந்தப் பக்கம்?”

“கவரைப்பேட்டை.”

“ஐயோ! நான் பழவேற்காட்டாண்டக்கா. பொன்னேரி வந்து ரயில் புடிச்சா அடுத்த ஸ்டேஷன் உங்க ஊரு!”

அன்று முதல் வியாழக்கிழமை மாலைகளில் கீழ்த்தளக் கடையில் இருவரும் தேநீர் குடிப்பது வழக்கமானது. பவானி சென்னையில் செவிலியம் படித்தவள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் வேலை பார்த்தவள். உதவித்தொகை கிடைத்து இங்கே வந்திருந்தாள். அப்பா எல்லப்பன் ஏரியில் மீன்பிடிப்பவர். அம்மா தேசம்மா எறா கம்பெனியில் எறா, அதாவது இறால், உரிப்பவர். விடியலில் வேன் வரும். குப்பத்துப் பெண்கள் ஏறிப் போவார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்டால் அவர்களுக்குப் பெயர் தெரியாது. வாயில் கதவின் நிறத்தை வைத்து நீல கேட்டு, பச்சை கேட்டு என்பார்கள். ஒப்பந்தக்காரர் எங்கே இறக்கிவிடுகிறாரோ அங்கே வேலை.

பகல் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. எறாவின் தலையிலுள்ள முள் குத்தும். ஓடு கீறும். நகத்தின் ஓரம் வெந்ததுபோல வெளுத்து, பிறகு கறுத்து, சில பெண்களுக்கு நகமே கழன்றுவிடும். மருத்துவமனையில் பவானி இப்படிப்பட்ட கைகளுக்குக் களிம்பு தடவி அனுப்பியிருக்கிறாள். அவள் அம்மா ஒருமுறைகூட அங்கே வந்ததில்லை.

“எங்கம்மா வீடியோ கால்ல பேசும்போது பாத்துகிறீங்களாக்கா? போனை யாராச்சும் புடிச்சிக்கணும். இல்லன்னா அரிசி டப்பா மேல சாய்ச்சி வெச்சிடும். கை ரெண்டும் முந்தானைக்குள்ள. எனுக்குத் தெரியாதாம்.”

அந்தக் கைகளைத்தான் அவள் தன் ஆய்வுக்கு எடுத்திருந்தாள். எறா உரிக்கும் பெண்களின் கைகளுக்கு என்ன நேர்கிறது, எத்தனை காலத்தில் நேர்கிறது, எதைக் கொடுத்தால் தடுக்கலாம். கையுறை போட்டால் வேகம் குறைகிறது, வேகம் குறைந்தால் வேனில் இடம் போகிறது, எனவே கையுறை என்பது எளிய பதில் இல்லை என்பதையும் அவள் அறிந்திருந்தாள். படிப்பு முடித்து ஊருக்குத் திரும்பி, இதைக் கையில் வைத்துக்கொண்டு தொழிலாளர் நலத்துறையின் கதவைத் தட்ட வேண்டும் என்பது அவள் திட்டம். “சும்மா போயி ‘எங்கம்மா கை போச்சி’ன்னா, போம்மான்னுடுவாங்க. பேப்பரா இருந்தா உக்கார வெப்பாங்க,” என்றாள்.

நான்கு மாதம் இதைத் தவிர வேறு பேச்சே பேசாதவள், இப்போது முறை வேறொருவருடையது என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறாள்.

3

அவளைக் கீழ்த்தளக் கடையில் பிடித்தேன். தேநீரை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

நடந்தது இதுதான். ஏற்கெனவே வெளியான கட்டுரைகளையெல்லாம் திரட்டி, சலித்து, மொத்தத்தில் என்ன தெரிகிறது என்று சொல்லும் ஆய்வு ஒன்று பொதுச் சுகாதாரத் துறையில் உண்டு. அதைத் தொடங்குகிறவர்கள், நான் இந்தத் தலைப்பில் இறங்குகிறேன் என்று முன்கூட்டியே இணையத்தில் ஒரு பொதுப்பக்கத்தில் பதிந்துவைப்பார்கள். ஒரே வேலையை இரண்டு பேர் செய்து வீணாகக் கூடாது என்பதற்காக. தேடத் தொடங்கும் முன் அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் நூலக வகுப்பில் சொல்லித்தரும் பாடம். பவானி சொன்னபடி பார்த்தாள். மீன், எறா பதனிடும் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களின் தோல் நோய்கள் என்று நார்வேயிலிருந்து ஒருவர் பதிந்திருந்தார். பெயர் இங்கர்.

“அவங்க பாடுக்கா அது. நான் எறங்கக் கூடாது.”

பாடு என்பது பழவேற்காட்டு ஏரியின் சட்டம். ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீன் கிடைக்காது. நல்ல இடங்கள் கொஞ்சம்; வலைகள் நிறைய. அதனால் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. தன் பாடு இல்லாத நாளில் இறங்குகிறவனை யாரும் அடிக்கப்போவதில்லை. ஆனால் அடுத்த மாதம் அவன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் இலைகள் காலியாகக் கிடக்கும். போலீஸ் வைத்து நடத்துவதைவிட ஒழுங்காக அது நடந்துகொண்டிருக்கிறது.

“உனக்கு ஏதுடி பாடு? உங்க அண்ணனுக்குத்தானே?” என்றேன்.

“எனுக்கு ஏது? பொம்பளைங்க பேரு சீட்டுல எழுத மாட்டாங்க. அதுக்குன்னு தெரியாம பூடுமா? பொறந்ததுலேர்ந்து பாத்துகினு கீறேன்.”

அவளைச் சிரித்து ஒதுக்க என்னால் முடியவில்லை. அந்தப் பதிவுப் பக்கத்தை ஒரு பழவேற்காட்டுக்காரி பார்த்தால் வேறென்ன நினைப்பாள்? நாளிதழிலும் இதே முறைதான். நீதிமன்றச் செய்தி ஒருவருக்கு, மாநகராட்சி ஒருவருக்கு. அடுத்தவர் பகுதியில் நுழைந்தால் தேநீர்க் கடையில் பேச்சு நின்றுபோகும்.

“வேற தலைப்பு பாத்துட்டேன்க்கா,” என்றாள். “நடக்கறவங்க போன்ல அடி எண்ணுற ஆப்பு கீதுல்ல, அத்தப் பத்தி. டேட்டா ரெடியா கீதாம்.”

“உனக்கு அது பிடிச்சிருக்கா?”

“ஏரியில பாடு இல்லன்னா நண்டு பொறுக்குவாங்கக்கா. புடிச்சா பொறுக்குவாங்க?”

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தலைப்பை எழுதித் தர வேண்டும் என்று அவள் வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லியிருந்தார். அதன் பிறகு மாற்ற முடியாது.

4

அன்று இரவுச் சாப்பாட்டில் இதை என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மகள் மீராவுக்குப் பதினாறு வயது. நாங்கள் பேசும் தமிழ் அவளுக்குப் புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும். கும்மிடிப்பூண்டியை அவள் ‘உங்க இடம்’ என்பாள். ஆறு வயதில் விட்டுவந்தது. அவள் நினைவில் இருப்பது ரயில்வே கேட்டும் ஒரு நாயும்தான். நான் இதை எழுதும்போது புலம்புவதுபோல் தொனிக்கக்கூடும், புலம்பல் இல்லை. தகவல்.

பாடு என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். தட்டைத் தள்ளிவிட்டு யோசித்தாள். பிறகு, அந்த நார்வேக்காரர் இன்னும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறாரா என்று கேட்டாள். அதை யாராவது போய்ப் பார்த்தார்களா?

இத்தனை ஆண்டுகள் செய்தி சேகரித்தவள் நான். சம்பந்தப்பட்டவரைக் கேட்டாயா என்ற முதல் கேள்வியை என் மேசையில் உட்கார்ந்து என் மகள் கேட்டாள்.

மறுநாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பாத்திரம் கழுவும் நாட்கள், மூன்று பெயர்கள், மேலே ஆங்கில எழுத்தில் ‘பாடு’. என் பெயர்தான் அதிகம் இருந்தது.

5

பவானியைக் கட்டாயப்படுத்தி அந்த ஒரு மணி நேரத்துக்கு மறுபடி முன்பதிவு செய்ய வைத்தேன். துறை நூலகர் மார்த்தா, போலந்திலிருந்து குடியேறியவர். எதையும் மெதுவாகச் சொல்வார். பதிவுப் பக்கத்தில் பெயர் இருப்பதால் அந்தத் தலைப்பு அவருடைய சொத்தாகிவிடாது என்றார். அவர் செய்வது மற்றவர்கள் எழுதியதைத் திரட்டும் வேலை, நீ செய்ய நினைப்பது பெண்களை நேரில் பார்த்து எழுதும் வேலை, இரண்டும் வேறு என்றார். பவானி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பத்து ஆண்டுகளாக அந்தத் தலையாட்டலைப் பார்க்கிறேன். ‘நீங்கள் பெரியவர், சொல்கிறீர்கள், நான் செய்யப்போவதில்லை’ என்று அதற்குப் பொருள். மார்த்தாவுக்கு அது தெரியாது. மகிழ்ச்சியோடு கை குலுக்கினார்.

வெளியே வந்ததும் பவானி சொன்னாள்: “இவங்க ஊர்ல ஏரி கீது, பாடு இல்ல. அதான் இப்டி பேசறாங்க.”

“சரி. உங்க நைனாவைக் கேள்,” என்றேன்.

6

சனிக்கிழமை மாலை, அங்கே ஞாயிறு காலை. என் வீட்டுச் சமையலறையிலிருந்து அழைத்தாள். திரையில் முதலில் கூரை தெரிந்தது, பிறகு எல்லப்பனின் நெற்றி. பின்னால் சற்றுத் தள்ளி தேசம்மா. கைகள் முந்தானைக்குள்.

“நாஷ்டா ஆச்சா நைனா?”

“ஆச்சி. இன்னா காத்தால போனு? டப்பு எதுனா தீந்து பூட்ச்சா?”

“அதெல்லாம் கீது. நம்ப ஊர்ல ஒருத்தரு பாடு அன்னிக்கி அவரு எறங்கலன்னா இன்னா பண்ணுவீங்க?”

“எதுக்குக் கேக்கற? உங்கண்ணன் எதுனா பேஜாரு பண்ணி வெச்சிருக்கானா?”

“ஐய, அவன் இல்ல. இங்க காலேஜுல.”

“காலேஜுல பாடா? அங்க ஏரி கீதா?”

“ஊருக்குப் பக்கத்துலயே கீது. இப்போ மேல பூரா ஐஸு.”

பின்னாலிருந்து தேசம்மாவின் குரல் வந்தது. “ஐஸா? அந்த எழவு அங்கியும் கீதா?”

பவானி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. எல்லப்பன் மட்டும் சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“அவன் எறங்கலன்னா அவன் ஊட்டாண்ட போயி கேக்கணும். நீ எறங்கறியா, நான் எறங்கட்டான்னு. சரின்னா எறங்கு. அவ்ளோதான்.”

“கேட்டா கோச்சிக்க மாட்டாங்களா?”

“கேட்டா எவன் கோச்சிப்பான்? கேக்காம எறங்குனாத்தான் பஞ்சாயத்து. அதுக்குன்னு வாயத் தொறக்காம கரையிலயே குந்திக்கினு கீறதா? யாரு பாடு அது?”

“நார்வேன்னு ஒரு ஊரு. ஒரு அம்மாது.”

“பொம்பளைக்கா பாடு குடுத்துகிறாங்க?” என்று எல்லப்பன் வியந்தார்.

“இன்னா, குடுத்தா இன்னா?” என்றார் தேசம்மா. பிறகு கேமராவுக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்து, “எதப் பத்திடி படிப்பு? எல்லாரும் கேக்கறாங்க, நானு ஆஸ்பத்திரி படிப்புன்னு சொல்லிக்கினு கீறேன்,” என்றார்.

பவானி என்னைப் பார்த்தாள். “ஆஸ்பத்திரி படிப்புதாம்மா,” என்றாள்.

7

இங்கருக்கு அன்றே மின்னஞ்சல் எழுதினாள். ஆங்கிலத்தை நான் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் கெட்டுப்போயிருக்கும். எங்கள் ஊரில் இப்படி ஒரு வழக்கம் உண்டு, உங்கள் முறை நடக்கிறது என்று பார்த்தேன், நீங்கள் இறங்குகிறீர்களா, நான் இறங்கலாமா, என்று கேட்டிருந்தாள்.

செவ்வாயன்று பதில் வந்தது. அவள் என் மேசைக்கு ஓடிவந்த வேகத்தில் நூலகமே திரும்பிப் பார்த்தது. சத்தம் கூடாது என்ற பலகைக்கு நேர் கீழே நின்று வாசித்தாள்.

இங்கர் வேலையைத் தொடர்ந்துகொண்டுதான் இருந்தார். குளிர்நாடுகளின் பெரிய ஆலைகளைப் பற்றிய கட்டுரைகள் கிடைத்திருக்கின்றனவாம். உங்கள் கரையில், வேனில் ஏறிப்போய் இன்று ஒரு ஆலை, நாளை ஒரு ஆலை என்று உரிக்கும் பெண்களைப் பற்றி என் வலையில் எதுவும் படவில்லை என்று எழுதியிருந்தார். நான் தேடிய முறையை முழுக்க அனுப்புகிறேன், உங்கள் நூலகரோடு உட்கார்ந்து சரிபார்த்துச் சொல்லுங்கள், நான்தான் தவறவிட்டேனா என்று தெரிய வேண்டும் என்றும் கேட்டிருந்தார். கடைசி வரி: ‘தயவுசெய்து இறங்குங்கள்.’

பவானியும் மார்த்தாவும் இரண்டு நாட்கள் தேடினார்கள். இம்முறை பவானி தலையாட்டவில்லை, வாதாடினாள். குப்பத்தில் இந்தப் புண்ணை எப்படிச் சொல்வார்கள், மருத்துவமனைச் சீட்டில் எப்படி எழுதுவார்கள், ஆந்திரப் பக்கத்தில் என்ன பெயர் என்று அவள் சொல்லச் சொல்ல மார்த்தா தட்டினார். வேறு நாட்டு நூலகங்களிலிருந்து கட்டுரைகள் வந்தன. மறந்துபோன அறிக்கைகள் வந்தன. ஆலைகளைப் பற்றி இருந்தது, ஏற்றுமதியைப் பற்றி இருந்தது, எறாவுக்கு வரும் நோயைப் பற்றி ஏராளமாக இருந்தது.

“பாத்தீங்களாக்கா,” என்றாள் பவானி. “எறாவுக்கு சளி புடிச்சா எழுதி வெச்சிகிறாங்க.”

பத்து ஆண்டுகளாக நூலகம் என்றால் இருப்பதைத் தரும் இடம் என்றே நினைத்துவந்தேன். இல்லாத ஒன்று எந்த இடத்தில் இல்லை என்று இவ்வளவு துல்லியமாகக் காட்டக்கூடிய இடமும் அதுதான் என்பதை அந்த வாரம் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை பவானி பழைய தலைப்பையே எழுதிக் கொடுத்தாள். ‘இந்த இடம் காலி’ என்பதற்கான சான்றுகளை மார்த்தா பின்னிணைப்பாகச் சேர்த்தார்.

8

நெறிமுறைக் குழு என்று ஒன்று இருக்கிறது. மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும் அதன் அனுமதி வேண்டும். பணியிட முகவரி என்ற கட்டத்தில் பவானி முதலில் ‘வேன்’ என்று எழுதினாள். திரும்பி வந்தது. ‘நீல நிற வாயில் கொண்ட ஆலை, மற்றும் பிற’ என்று எழுதினாள். திரும்பி வந்தது. முதலாளியின் ஒப்புதல் கடிதம் கேட்டார்கள். முதலாளி யார் என்று அந்தப் பெண்களுக்கே தெரியாது என்பதை விளக்க ஒரு கூட்டம் நடந்தது. கடைசியில் ஆலைக்குள் போகாமல், பெண்களை அவர்கள் குடியிருப்பில், அவர்கள் ஓய்வு நேரத்தில் சந்திக்கலாம் என்று அனுமதித்தார்கள். பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்.

குழு இன்னொரு நிபந்தனையும் போட்டது. ஆய்வாளரின் தாயும் அதே வேலை செய்வதால், அவரைக் கலந்துகொள்ளும்படி ஆய்வாளர் கேட்கக் கூடாது. பார்வையால்கூட வற்புறுத்தக் கூடாது. அவராக முன்வந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

“கேட்டாத்தான் எறங்கலாம்னு நைனா சொல்லுது. கேக்கவே கூடாதுன்னு இவங்க சொல்றாங்க,” என்றாள் பவானி. “நல்லா மாட்டிக்கினேன் நானு.”

பார்க்கப்போனால் அந்த ஆய்வு முழுக்க ஒரு ஜோடிக் கைக்காகத் தொடங்கியது. அந்தக் கை இல்லாமலேயே அது முடியக்கூடும் என்று அவளுக்கு அப்போது தெரிந்திருந்தது.

9

ஜூலையில் மீராவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். பவானி ஆய்வுக்காக முன்பே போயிருந்தாள். மணவாள நகரில் தங்கை வீட்டில் இரண்டு நாள், பிறகு கவரைப்பேட்டை. அங்கிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பவானியின் குப்பத்துக்குப் போனோம். வேன் வராத நாள். எல்லப்பன் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் பாய் விரித்திருந்தது. எறா உரிக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பவானி கையில் கேள்வித்தாளோடு நின்றாள். அவள் பதற்றமாக இருந்ததை அங்கே நான் ஒருத்திதான் கவனித்தேன் என்று நினைக்கிறேன்.

“டாக்டரம்மா வந்துகீது, எல்லாரும் நாக்க நீட்டுங்கடி,” என்றாள் ஒருத்தி.

“நாக்கு வாணாம்க்கா. கைதான்.”

“பேரு போட மாட்டியாமே? பேரு இல்லாம எழுதுனா, நான் சொன்னதுன்னு எவனுக்குத் தெரியும்?”

“தெரியக் கூடாதுன்னுதான்க்கா. வேன்காரரு பாத்தா நாளிக்கி உன்ன ஏத்த மாட்டாரு.”

அதுவரை இருந்த சிரிப்பு சற்று அடங்கியது. பிறகு யார் முதலில் என்ற சச்சரவு எழுந்தது. ஒருத்திக்கு உலை வைக்க வேண்டும், ஒருத்திக்கு ஊத்துக்கோட்டையிலிருந்து மாமியார் வருகிறார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மூத்தவரான முனியம்மா கையைத் தட்டினார்.

“இன்னாத்துக்கு கத்திக்கினு கீறீங்க? சீட்டுப் போடு. ஆம்பளைங்க மட்டுந்தான் பாடு வெப்பாங்களா? நம்பளும் வெப்போம்.”

காலண்டர் தாள் ஒன்று கிழிபட்டது. ஒவ்வொருத்தியாகத் தன் பெயரைச் சொல்ல, மீரா தன் கோணல் தமிழில் எழுதி மடித்து ஒரு சொம்பில் போட்டாள். பெயர் எழுதக் கூடாதே என்று பவானி தயங்கினாள். பிறகு, சீட்டை அடுப்பில் போட்டுவிடலாம் என்று விட்டுவிட்டாள்.

தேசம்மா கதவருகே உட்கார்ந்து எல்லாருக்கும் டீ ஆற்றிக்கொடுத்திருந்தார். இப்போது கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். மீரா கடைசிச் சீட்டை மடித்ததும் சொம்பைக் குலுக்கப் போனார் முனியம்மா.

“எனுக்குச் சீட்டு எங்க?” என்றார் தேசம்மா.

பவானி தரையைப் பார்த்தாள். அவள் பேனாவை இறுக்கிப் பிடித்திருந்த விதத்தை நான் பார்த்தேன்.

“உன்னத்தான் கேக்கறேன். இந்தக் குப்பத்துல நான் ஒருத்திதான் எறா உரிக்கலியா? நானு வேன்ல சும்மா காத்து வாங்கினு போறனா?”

“உனுக்கு இஷ்டம்னாதாம்மா,” என்றாள் பவானி.

“இஷ்டம் இல்லாமியா கேக்கறேன்? எழுது பொண்ணு,” என்றார் மீராவைப் பார்த்து. “தேசம்மா. எல்லப்பன் பொண்டாட்டின்னு போடாத. தேசம்மான்னு போடு.”

மீரா எழுதினாள். சொம்பு குலுங்கியது. தேசம்மாவின் பாடு மூன்றாவதாக விழுந்தது. வலை பின்னிக்கொண்டே எட்டிப் பார்த்த எல்லப்பனை, “நீ அந்தப் பக்கம் போ, இது பொம்பளைங்க பாடு,” என்று முனியம்மா விரட்டினார்.

முதல் இரண்டு பேரின் முறை முடியும்வரை தேசம்மா எழுந்திருக்கவில்லை. தன் முறை வந்ததும் வந்து பாயில் மகளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முந்தானையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு இரண்டு கைகளையும் எடுத்து, வெளிச்சத்தில், பாயின் மேல் விரித்து வைத்தார். நான் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை, பவானியும் விலக்கவில்லை.

எல்லாரிடமும் ஒரே சொற்களில், ஒரே மரியாதையில் கேட்க வேண்டும் என்பது விதி. பவானி தாளைப் பார்த்துக் கேட்டாள்:

“எத்தனை வருஷமா எறா உரிக்கிறீங்க?”

“இன்னாடி இது, புதுசா ‘ங்க’ போட்டுக்கினு கீற?” என்று தேசம்மா சிரித்தார். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஓயும்வரை காத்திருந்து, நகமில்லாத ஆள்காட்டி விரலால் மகளின் தாளைத் தொட்டுக் காட்டினார்.

“எழுதிக்கோ. உனுக்குப் பால் மறக்கடிச்ச வருசத்துலேர்ந்து.”